குவாவாவை நீக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குழு பழைய திட்டம் ஒன்றை ஜாவா நிரல்மொழியின் 17-ஆம் பதிப்புக்கு மாற்றி வருகிறது. அப்பாச்சி காமன்ஸ், குவாவா ஆகிய இரண்டு திறமூல லைப்ரரிகளும் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகள்) அதில் எங்கும் பரவியிருக்கின்றன. அவற்றின் வேலைகள் எல்லாம் ஜாவாவுக்குள்ளேயே வந்துவிட்டதால் முழுவதையும் நீக்கிவிடலாம் என்கிறார் குழுத்தலைவர். ஒழுங்காக ஓடும் நிரலில் ஏன் கைவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்றத் திட்டங்களுக்கும் பயன்படும்படி பொது ஜார் (தொகுத்த ஜாவா நிரல்கள் அடங்கிய கோப்பு) ஒன்றையும் எழுதி வருகிறோம். அதில் குவாவாவைச் சேர்க்கலாமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குழுத்தலைவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்பதைக் குறிக்க குவாவாவில் பழகிய ஆப்ஷனலும், பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற அப்பாச்சி காமன்ஸின் கோடெக்கில் தேடிய பேஸ்64-உம் 2014-இல் ஜாவா 8-உடன் வந்துவிட்டன. தேதி-நேரத்துக்கான ஜோடா டைம் லைப்ரரியை எழுதிய ஸ்டீபன் கோல்போர்ன் ஜாவாவின் புதிய தேதி-நேர வடிவமைப்பிலும் முன்னின்றார். ஜோடா டைம் திட்டமே தன் பயனர்களை அதற்கு மாறச் சொல்கிறது. மாற்ற முடியாத பட்டியலைத் தரும் லிஸ்ட்.ஆஃப் 2017-இல் ஜாவா 9-இலும், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வெறுமையா என்று சோதிக்கும் இஸ்பிளாங்க் 2018-இல் ஜாவா 11-இலும் சேர்ந்தன.

ஆனால் ஒரே பெயரும் ஒத்த வேலையும் கொண்டவை என்பதால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துவிட முடியாது. காமன்ஸ் லாங்கின் ஸ்ட்ரிங்யூட்டில்ஸுக்கு நல் (null, மதிப்பே இல்லை என்பதன் குறி) கொடுத்தால், இஸ்பிளாங்க் அமைதியாக ஆம் என்று சொல்லும்; ஜாவாவின் இஸ்பிளாங்கை நல் மீது அழைத்தாலோ நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழைதான். குவாவாவின் மாற்ற முடியாத பட்டியலான இம்யூட்டபிள்லிஸ்ட்டிடம் உன்னுள் நல் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறது, லிஸ்ட்.ஆஃப் தரும் பட்டியலோ அந்தக் கேள்விக்கே எக்ஸெப்ஷனை எறிகிறது. குவாவாவின் இம்யூட்டபிள்செட் உறுப்புகளைக் கொடுத்த வரிசையிலேயே வைத்திருக்கும், ஒரே உறுப்பை இருமுறை கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும், ஜாவாவின் செட்.ஆஃப் இரட்டிப்பை ஏற்பதில்லை, அதன் வரிசையும் நிரலை இயக்கும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். எடிட்டரில் ஒரே மூச்சில் தேடி மாற்றிய குழுக்கள், ஒரு நாள் தேறி மறுநாள் தோற்கும் டெஸ்டுகளின் பின்னால் அலைவது பெரும்பாலும் இந்த வரிசை விஷயத்தால்தான். குவாவாவின் மல்டிமேப் (ஒரு சாவிக்குப் பல மதிப்புகள்), பைமேப் (இரு திசையிலும் தேடலாம்), ரேஞ்ச்செட் (இடைவெளிகளின் தொகுப்பு) போன்றவற்றுக்கு ஜாவாவில் இன்றும் மாற்று இல்லை. அவற்றை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் குவாவா இருக்கட்டும்.

அதற்காக உங்கள் கட்சியையும் முழுதாக ஏற்க மாட்டேன். காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் லைப்ரரியின் பாதுகாப்புக் குறை 2015-இல் வெளிப்பட்டபோது கலங்கியவர்களில் பலர் அந்த லைப்ரரியை நேரடியாக அழைத்தவர்களே அல்லர். வெளியிலிருந்து வரும் பைட்டுகளை டிசீரியலைஸ் செய்யும் (மீண்டும் ஜாவா ஆப்ஜெக்டுகளாக்கும்) செயலி ஒன்றின் கிளாஸ்பாத்தில் (அது கிளாஸ்களைத் தேடும் இடத்தில்) அதன் இன்வோக்கர்டிரான்ஸ்ஃபார்மர் கிளாஸ் வெறுமனே கிடந்தாலே போதும், தாக்குபவர் தான் விரும்பிய கட்டளையை அங்கே இயக்கிவிட முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 3.2.2 பதிப்பு அந்த வழியை அடைத்தது. ஆகவே யாரும் அழைக்காத ஜார்களை முதலில் களையுங்கள். நிரலைத் தொகுக்கும் கருவியான மேவன் காட்டும் டிபென்டன்சி மரத்தை (எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலை) பார்த்தால், நீங்கள் கேட்காமலேயே வந்து அமர்ந்தவை எவை என்பது தெரியும்.

பொது ஜார் விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரு செயலிக்குள் எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஜாருக்கோ அந்த உரிமை கிடையாது. ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதும்போது, மரத்தின் வேருக்கு அருகில் இருப்பதை மேவன் எடுக்கும், அதைப் போன்ற கருவியான கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். குவாவா தன் 21-ஆம் பதிப்பில் ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸிலிருந்து டுஸ்ட்ரிங்ஹெல்பர் என்ற மெத்தடை நீக்கியது; அதை நம்பித் தொகுக்கப்பட்ட பழைய ஜார், புதிய குவாவாவுடன் சேர்ந்தால் கம்பைலர் முணுமுணுக்காது, இயங்கும்போது அப்படியொரு மெத்தட் இல்லை என்று நோசச்மெத்தட்எரர் வந்து விழும். பீட்டா (சோதனை நிலை) என்று குறிக்கப்படாதவற்றை அதன் பிறகு குவாவா நீக்கவில்லை என்பது ஆறுதல்தான் என்றாலும், பழைய ஜார்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. காமன்ஸ் லாங் இதைவிட நிதானமாக நடந்துகொண்டது: 2011-இல் 3.0 வந்தபோது கிளாஸ்கள் அடங்கிய பேக்கேஜின் பெயரையே லாங்3 என்று மாற்றியதால், பழையதும் புதியதும் ஒரே செயலியில் சண்டையின்றி வாழ்கின்றன. எனக்கு இந்த முறையே பிடித்தது, இம்போர்ட் வரிகளை மாற்றும் தொல்லை இருந்தாலும்.

எனவே உங்கள் ஜாரின் பப்ளிக் மெத்தடுகளில் குவாவாவின் டைப் எதுவும் தலைகாட்ட வேண்டாம். உள்ளே இம்யூட்டபிள்லிஸ்ட்டைப் பயன்படுத்தினாலும் வெளியே ஜாவாவின் லிஸ்ட்டாகக் கொடுங்கள். இரண்டு மூன்று மெத்தடுகளுக்காக மட்டும் குவாவா வேண்டியிருக்கிறது என்றால், அவற்றை நீங்களே எழுதி டெஸ்டும் எழுதிவிடுவது மேல். மல்டிமேப் போல எழுதிக்கொள்ள முடியாதது தேவைப்பட்டால், பிற லைப்ரரியை ஜாருக்குள்ளேயே சேர்த்துத் தரும் மேவனின் ஷேட் பிளகினைக் கொண்டு குவாவாவை உங்கள் பேக்கேஜ் பெயருக்குக் கீழே இடம்மாற்றி வைக்கலாம். ஜார் பருக்கும், உள்ளே இருக்கும் குவாவாவுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நீங்களே புதிய பதிப்பை வெளியிட வேண்டிய பொறுப்பும் வந்து சேரும். அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இருக்கிறதா என்பதைக் குழுவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.