அந்த வளைவைக் கட்டிய பணம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக பெல்ஜியம் போயிருந்தேன். பிரஸ்ஸல்ஸ் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துக்குள் நுழைந்ததும் என்னையறியாமல் ‘அம்மாடி’ என்றேன். மறுநாள் சேன்காந்தனேர் பூங்காவில் இருக்கும் பெரிய வளைவைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர், “அத்தனையும் காங்கோக்காரன் ரத்தம், இதைப் போய் ரசிக்கிறாயே” என்று பதில் போட்டார். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் மனம் ஒட்டவில்லை. ரசித்தது தப்போ என்று உறுத்துகிறது. ரசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் ஊர் முழுவதையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது.

1695-இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் படை பிரஸ்ஸல்ஸைப் பீரங்கியால் அடித்துப் பொசுக்கியது. கிராண்ட் பிளாஸில் நகர மன்றக் கோபுரம் தப்பியது, சுற்றியிருந்த வீடுகள் போயின. சில ஆண்டுகளுக்குள் அவற்றைத் திரும்பக் கட்டியவர்களில் ரொட்டி சுடுபவர்கள், பீர் காய்ச்சுபவர்கள், தையற்காரர்கள், படகோட்டிகள் எல்லாரும் உண்டு. அவரவர் சங்கத்துக்கு ஒரு வீடு என்று போட்டி போட்டுக்கொண்டு முகப்பைச் செதுக்கினார்கள். படகோட்டிகள் வீட்டின் உச்சியைக் கப்பலின் பின்பக்கம் போலவே அமைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பெல்ஜியம் என்ற நாடே 1830-இல்தான் பிறந்தது. அந்தச் சதுக்கத்தில் அம்மாடி சொன்னதற்கு நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

வளைவு வேறு கதை. நாட்டின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கென்று 1880-இல் திட்டமிட்டது, முடிந்ததோ 1905-இல். அரசு செலவு செய்யத் தயங்க, மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோ பணத்தைக் கொண்டு கட்டி முடித்தார். 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜியத்தின் காலனிகூட இல்லை, அந்த ஒரு மனிதரின் சொந்தச் சொத்து. அவர் அங்கே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்ததும் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. காட்டுக்கொடியிலிருந்து ரப்பர் பால் எடுத்துவர ஊருக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். ஆண்கள் காட்டிலிருந்து திரும்பும்வரை பெண்களைப் பிணையாகப் பிடித்துவைத்தார்கள். சிப்பாய்கள் சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, செத்தவரின் கையை வெட்டிக்கொண்டு வர வேண்டும். தோட்டாவை வேட்டையில் தீர்த்தவன் உயிரோடிருந்தவரின் கையை வெட்டினான்.

இந்தக் கொடுமையை வெளியே கொண்டுவந்ததில் ஒரு கப்பல் நிறுவன எழுத்தருக்குப் பெரிய பங்குண்டு. பெயர் எட்மண்ட் மோரல். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் மலைபோல் வந்து இறங்குவதையும், திரும்பிப் போகும் கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவுமே ஏறுவதையும் பார்த்தார். விலை கொடுத்து வாங்கும் சரக்கு என்றால் பதிலுக்கு ஏதாவது போக வேண்டுமே? அங்கே நடப்பது அடிமை வேலை என்று புரிந்துகொண்டார். வேலையை விட்டுவிட்டு வாழ்நாளில் பல ஆண்டுகளை இந்தப் போராட்டத்துக்கே கொடுத்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

அந்த வளைவு எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கட்டியது, அதனால் அதை வெறுப்பது சுலபம். என்னைச் சங்கடப்படுத்திய இடம் வான் எட்வெல்டே மாளிகை. விக்டர் ஓர்த்தா 1890-களில் வடிவமைத்த வீடு. நடுவே எண்கோணக் கூடம், மேலே வண்ணக் கண்ணாடிக் குவிமாடம். மெல்லிய இரும்புத் தூண்கள் கொடித்தண்டு மாதிரி எழுந்து வளைந்து கூரையில் போய்ச் சேர, அங்கே கண்ணாடியில் இலைகள் விரிகின்றன. அத்தனை அழகு. ஆனால் அந்த வீட்டுக்காரர் எட்மண்ட் வான் எட்வெல்டே, லியோபோல்டின் காங்கோ நிர்வாகத்தை பிரஸ்ஸல்ஸில் இருந்தபடி நடத்திய பெரிய அதிகாரி. கொடி வளைவுகளைப் பார்க்கப் பார்க்க ரப்பர் கொடி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதற்காக ஓர்த்தாவின் கையில் இருந்த கலையை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு அழகுதானே என்று அந்தப் பணத்தை மன்னிக்கவும் மனம் வரவில்லை. இந்த இரண்டு உணர்ச்சிகளில் ஒன்றை விரட்ட வேண்டும் என்று நினைப்பதால்தான் உங்களுக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். விரட்டாதீர்கள், இரண்டுமே சரியானவை.

மறுபடி போனால் வளைவோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கிருந்து கிழக்கே போகும் அகலச் சாலை 1897-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகவே போட்டது, நேராகத் தெர்வூரன் ஊருக்குக் கொண்டுபோய் விடும். அந்தக் கண்காட்சிக்குக் காங்கோவிலிருந்து 267 பேரைக் கூட்டிவந்து, குடிசை போட்டு, வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். ஏழு பேர் அங்கேயே செத்தார்கள். அவர்களின் கல்லறைகள் ஊர்த் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கின்றன.

அருகிலேயே ஆப்பிரிக்க அருங்காட்சியகம். நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2018 டிசம்பரில் திறந்தார்கள். ஒரு நீண்ட சுவரில் காங்கோவில் இறந்த 1508 பெல்ஜியர்களின் பெயர்களைப் பழைய காலத்திலேயே பொறித்திருக்கிறார்கள். எதிரே உள்ள சன்னல் கண்ணாடிகளில் அந்த ஏழு காங்கோக்காரர்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார் காங்கோக் கலைஞர் ஃப்ரெடி சிம்பா. வெயில் அடிக்கும்போது எக்கியா, கெம்பா, சம்பா என்று அந்தப் பெயர்களின் நிழல் 1508 பெயர்களின் மேல் விழும். மேகம் மூடினால் மறையும். பெல்ஜியத்தில் மேகம் அதிகம்.

எனக்குக் கோபம் வருவது கட்டடங்கள் மேலல்ல, மறைத்தவர்கள் மேல். 1908-இல் காங்கோவை நாட்டிடம் ஒப்படைக்கும் முன் லியோபோல்ட் தன் காங்கோ ஆவணங்களை எட்டு நாள் எரித்தார். 2020-இல் இன்றைய மன்னர் ஃபிலிப், காங்கோ அதிபருக்கு எழுதிய கடிதத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. இதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவும் மன்னிப்பு விஷயத்தில் ஒத்துவராமல் 2022 டிசம்பரில் கலைந்தது. மன்னிப்பு என்றால் இழப்பீடு கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம்தான். வரட்டும், கேட்கட்டும் என்பது என் கட்சி.