பதின்மூன்று விநாடிகளின் கணக்கு

கேள்வி: 2022 ஜனவரி 22, 23 தேதிகளில் நடந்த என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் பிளே ஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டங்கள் நான்கையும் மறுபடி பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த வார இறுதி என்று அதைப் புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கன்சாஸ் சிட்டியிடம் பஃபலோ பில்ஸ் அணியை வீழ்த்தியது ஒரு டாஸ். கூடுதல் நேரத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோஷ் ஆலனின் கைக்குப் பந்தே வரவில்லை. மற்ற மூன்று ஆட்டங்களும் கடைசியில் பந்தை உதைத்தவரின் அதிர்ஷ்டத்தில் முடிந்தன. கிரீன் பே ஆட்டம் வெறும் சப்பை. திறமைக்கு வேலையில்லாத இந்த முடிவுகளைக் கொண்டாடுவது எப்படிச் சரியாகும்?
— பஃபலோ அணியின் நெடுநாள் ரசிகர், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் மனக்குறையில் பாதி நியாயமானது. அந்தப் பாதியை நியாயமில்லாத மறுபாதியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். டாஸைப் பற்றிய விதி அநீதியாக இருந்தது என்பது ஒரு செய்தி. பஃபலோ டாஸினால்தான் தோற்றது என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதை நானும் ஏற்கிறேன். இரண்டாவதை, அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை வரிசை தவறாமல் பார்க்கிற எவரும் ஏற்க முடியாது.

அந்த வரிசையை இங்கே வைக்கிறேன். ஆட்டம் முடிய 1 நிமிடம் 54 விநாடிகள் இருந்தபோது, பந்தைத் தக்கவைக்க நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 13 கெஜம் தேவைப்பட்ட இக்கட்டில், ஆலன் 27 கெஜ தூரத்திலிருந்து கேப் டேவிஸுக்கு எறிந்து டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் ஆறு புள்ளிகள்) பெற்றார். கூடுதல் இரண்டு புள்ளிகளும் சேர, பஃபலோ 29-26 என்று முந்தியது. ஒரு நிமிடம்கூடக் கழிவதற்குள் எதிரணிக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை டைரீக் ஹில் பிடித்து 64 கெஜம் ஓடி, கன்சாஸ் சிட்டியை 33-29 என்று முன்னால் கொண்டுவந்தார். ஆலன் மறுபடியும் களத்தின் மறுகோடி வரை அணியை நடத்திச் சென்று, டேவிஸுக்கே 19 கெஜத்தில் மீண்டும் ஒரு டச் டவுன் எறிந்தார். அந்த ஒரே ஆட்டத்தில் டேவிஸ் பிடித்த நான்காவது டச் டவுன் அது. பிளே ஆஃப் வரலாற்றில் அதற்கு முன் எந்த ரிசீவரும் செய்யாதது. பஃபலோ 36, கன்சாஸ் சிட்டி 33. மிச்சம் இருந்தவை 13 விநாடிகள்.

உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இந்த 13 விநாடிகளுக்குள் இருக்கிறது. பஃபலோ அடுத்துப் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். எதிரணி வீரர் ஒருவர் களத்துக்குள் பந்தைத் தொட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பது விதி. பந்தைத் தரையோடு உருள விட்டிருந்தால் அதை எடுத்து ஓட முயல்வதிலேயே மூன்று, நான்கு விநாடிகள் கழிந்திருக்கும். பஃபலோவோ பந்தை களக்கோடியிலுள்ள எண்ட் ஸோன் என்ற எல்லைப் பகுதிக்குள் உதைத்து அனுப்பியது. ஒரு விநாடிகூடக் குறையாமல், தன் 25ஆவது கெஜக் கோட்டில், கைவசம் டைம் அவுட்டுகளோடு கன்சாஸ் சிட்டி ஆட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகாவது பஃபலோ நெருக்கிப் பிடித்திருக்கலாம். தற்காப்பு வீரர்களை வெகு பின்னால் நிறுத்தியதால் நடுக்களம் திறந்து கிடந்தது. ஹில்லுக்கு 19 கெஜம், டைம் அவுட்; டிராவிஸ் கெல்சிக்கு 25 கெஜம், மறுபடி டைம் அவுட். மூன்று விநாடிகள் மீதமிருக்க, ஹாரிசன் புட்கர் 49 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்த, மூன்று புள்ளிகள் தரும் ஃபீல்ட் கோலால் ஆட்டத்தை 36-36 என்று சமன் செய்தார்.

இதில் டாஸுக்கு எங்கே இடம் இருக்கிறது? அந்தப் பருவம் முழுவதிலும் மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பு அணி பஃபலோவினுடையது. அப்படிப்பட்ட அணி, வெற்றிக்கு 13 விநாடிகளே இருந்த நேரத்தில், இரண்டே எறிதல்களில் 44 கெஜத்தை விட்டுக்கொடுத்தது. பயிற்சியாளர் ஷான் மெக்டர்மட்டும் அவருடைய உதவியாளர்களும் எடுத்த, அல்லது எடுக்கத் தவறிய, முடிவுகளின் விளைவு அது. டாஸைக் குற்றவாளியாக்கும்போது நீங்கள் அவர்களை விடுவித்துவிடுகிறீர்கள். ஹில்லும் கெல்சியும் மஹோம்ஸும் அந்தப் பத்து விநாடிகளில் காட்டிய அசாத்தியமான நிதானத்துக்குரிய மதிப்பையும் பறித்துவிடுகிறீர்கள். அந்த ஆண்டின் பிளே ஆஃப் ஆட்டங்கள் இரண்டில் ஒன்பது டச் டவுன்களை எறிந்து, ஒரு பந்தைக்கூட எதிரணியிடம் பறிகொடுக்காத ஆலனுக்காக நீங்கள் வருந்துவது முழுக்க நியாயம். ஆனால் அவரைக் கைவிட்டது அவருடைய சொந்த அணியின் மறுபாதி.

இனி விதிக்கு வருகிறேன். கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் ஆலன் பூ என்றார், தலை விழுந்தது. கன்சாஸ் சிட்டி பந்தை வாங்கி 75 கெஜம் நகர்ந்து, கெல்சியின் டச் டவுனோடு 42-36 என்று வென்றது. முதலில் பந்தைப் பெறும் அணி டச் டவுன் அடித்துவிட்டால் மற்ற அணிக்கு வாய்ப்பே இல்லை என்ற விதி 2010இல் வந்தது. அது வந்ததிலிருந்து அந்தப் பருவம் முடியும் வரை கூடுதல் நேரத்துக்குப் போன 12 பிளே ஆஃப் ஆட்டங்களில், பத்தில் டாஸ் வென்ற அணியே வென்றது. ஏழில் எதிரணி பந்தைத் தொடவே இல்லை. இப்படிப்பட்ட விதியை யாரும் நியாயப்படுத்த முடியாது. 2019 ஜனவரியில் நியூ இங்கிலாந்திடம் இதே முறையில் 37-31 என்று தோற்று, மஹோம்ஸின் கைக்குப் பந்தே வராமல் வெளியேறிய கன்சாஸ் சிட்டிதான் அந்த ஆண்டு விதியை மாற்றக் கோரியது என்பதையும், கோரிக்கை அப்போது நிறைவேறவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 29-3 என்று வாக்களித்து, பிளே ஆஃப் ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் பந்து கிடைக்க வழி செய்தார்கள். லார்ட்ஸில் 2019 உலகக் கோப்பை இறுதியில் பவுண்டரிகளை எண்ணிக் கோப்பை கொடுத்த விதியைச் சில மாதங்களிலேயே ஐ.சி.சி. கைவிட்டதை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆட்டம் தொடங்கும்போது இரு தரப்புக்கும் விதி தெரியும். விதி மோசமானது என்பதற்காக வென்றவர்களின் வெற்றி களங்கப்படாது.

டாஸ் வென்றாலே போதும் என்ற உங்கள் எண்ணத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சின்சினாட்டி உடைத்துக் காட்டியது. மறுபடியும் கூடுதல் நேரம், மறுபடியும் டாஸ் வென்றது கன்சாஸ் சிட்டி, முதல் பந்தும் மஹோம்ஸுக்கே. சின்சினாட்டியின் வான் பெல் அந்தப் பந்தைப் பறித்தார். சின்சினாட்டி 27-24 என்று வென்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குச் சென்றது. பஃபலோவிடமிருந்தும் அப்படி ஒரு பறிப்பை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. புதிய விதிப்படி கூடுதல் நேரம் கண்ட முதல் சூப்பர் பவுலிலோ, 2024 பிப்ரவரியில், டாஸ் வென்று முதலில் பந்தை வாங்கிய சான் பிரான்சிஸ்கோ 25-22 என்று தோற்றது. ஆட்டத்துக்குப் பின் அதன் வீரர்கள் சிலர் புதிய விதியே தங்களுக்குத் தெரியாது என்று சொன்னார்கள். எனக்கு அது தோல்வியைவிடப் பெரிய வருத்தம்.

உதைப்பவரின் அதிர்ஷ்டம் என்று நீங்கள் எழுதியதை வன்மையாக மறுக்கிறேன். டென்னசியில் 52 கெஜத்திலிருந்து உதைத்து 19-16 என்று ஆட்டத்தை முடித்த சின்சினாட்டியின் எவன் மக்ஃபெர்சன் அப்போதுதான் முதல் பருவம் ஆடியவர். அன்று மட்டும் நான்கு ஃபீல்ட் கோல்கள் அவருடையவை. அந்த நான்கும் தேவைப்பட்டதற்குக் காரணம், அவருடைய குவார்ட்டர்பேக் ஜோ பரோ ஒன்பது முறை தரையில் வீழ்த்தப்பட்டது. அந்த உதைக்கு வழி திறந்ததோ, 20 விநாடிகள் இருக்கும்போது லோகன் வில்சன் பறித்த பந்து. டென்னசியின் குவார்ட்டர்பேக் ரையன் டானஹில் அன்று பறிகொடுத்த மூன்றாவது பந்து அது. தாம்பாவில் 27-3 என்று முன்னணியில் இருந்து, நான்கு முறை பந்தைத் தவறவிட்டு, 27-27 வரை வந்த ராம்ஸ் அணி 42 விநாடிகளில் மீண்டது, மேத்யூ ஸ்டாஃபர்ட் தன்மேல் பாய்ந்து வந்தவர்களுக்கு நடுவில் கூப்பர் கப்புக்கு எறிந்த 44 கெஜ எறிதலால். மாட் கே உதைத்த 30 கெஜம் அதற்குப் பின்னர் வந்தது.

கிரீன் பே ஆட்டத்தைச் சப்பை என்கிறீர்கள். அந்த வார இறுதியில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டிய ஆட்டம் அதுதான் என்பது என் கருத்து. பனி பொழிந்த லாம்போ திடலில், பூஜ்யத்துக்குக் கீழான குளிரில், சான் பிரான்சிஸ்கோவின் தாக்குதல் அணி ஒரு டச் டவுன்கூட அடிக்கவில்லை, அப்படியும் வென்றது. முதல் பாதியின் இறுதியில் கிரீன் பேயின் ஃபீல்ட் கோல் முயற்சியை ஜிம்மி வார்டு தடுத்தார். ஐந்து நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது கிரீன் பேயின் பன்ட் உதையை (பந்தை எதிரணியிடம் தொலைவுக்கு உதைத்துக் கொடுப்பது) ஜோர்டன் வில்லிஸ் தடுக்க, டலனோவா ஹுஃபாங்கா பந்தை அள்ளிக்கொண்டு ஓடி 10-10 ஆக்கினார். அதன் பின் மூன்றாவது முயற்சியில் ஏழு கெஜம் தேவைப்பட்டபோது, அன்று முழுதும் அடிபட்டிருந்த டீபோ சாமுவேல் ஒன்பது கெஜம் ஓடினார். கடைசியாக ராபி கோல்ட் 45 கெஜத்திலிருந்து உதைத்தார், ஆட்டம் 13-10. அந்த உதையைத் தடுக்கக் கிரீன் பே களத்தில் நிறுத்தியிருந்தது பதினொருவரை அல்ல, பத்துப் பேரை. ஆரன் ராஜர்ஸ் என்ற மாபெரும் குவார்ட்டர்பேக்கைக் கொண்டிருந்த அணி, உதையையும் தடுப்பையும் கவனிக்கும் சிறப்புப் பிரிவைப் பருவம் முழுதும் பலவீனமாகவே விட்டு வைத்து, அதன் விலையை ஒரே இரவில் கொடுத்தது. நான்கில் ஒன்றை நீங்கள் மறுபடி பார்ப்பதாயிருந்தால், இரண்டாம் பாதியிலிருந்து அந்த ஆட்டத்தைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்குகளை விட்டுவிட்டு, உதைக்கு முன் வரிசையில் நிற்பவர்களைக் கவனியுங்கள்.