நெஞ்சில் லேசான இறுக்கம் வந்து வந்து போகிறது, இசிஜி நார்மல். என்ன காரணமாக இருக்கும்?

வயது 42, இரண்டு வாரமாக நெஞ்சில் வலி என்று சொல்ல முடியாத ஒரு இறுக்கம், கிளினிக்கில் எடுத்த இசிஜி நார்மல், வீட்டில் வாயு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் வாயு என்று சொல்லி முடித்துவிட்டார்கள் என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 20 வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவள். ஒரே வீட்டில் இரண்டு நெஞ்சு, இரண்டு காரணம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் வீட்டுக்காரர். இரவு 11 மணிக்குக் கடையில் "நாசி கண்டார்" என்கிற கறிக்குழம்புச் சோறு, மேலே ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ), வந்ததும் படுக்கை. ஒரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என் கொழுந்தனார் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி ஓடி வந்தார். மருத்துவமனையில் இசிஜி, ரத்தப் பரிசோதனை, சில மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். விடியும்போது இரைப்பை அமிலம் மேலே ஏறியிருக்கிறது என்றார்கள். படுத்தால் எரிச்சல், வாயில் புளிப்பு, எழுந்து உட்கார்ந்தால் குறையும். மாத்திரை கொடுத்து, சாப்பிட்டதும் படுக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று அவரைக் கூட்டிப் போனதைக் குறை சொல்ல மாட்டேன். அதுதான் சரி.

அடுத்த வருடம் எனக்கு வந்தது. எங்கள் பிளாட்டில் வீடு 8வது மாடி. இரண்டு லிப்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டு, ஆறு வாரம் படிதான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு சீனப் பாட்டி வீடு, வாசலில் சிவப்புச் சாமி மாடம். சரியாக அந்த இடத்துக்கு வரும்போது நெஞ்சுக்கு நடுவே யாரோ கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். வலி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாடத்தில் எரியும் ஊதுபத்தியிலிருந்து சாம்பல் உதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்று நான்கு நிமிடத்தில் போய்விடும். ஏழாவது மாடியில் இன்னொரு முறை.

கோடாலித் தைலம் தேய்த்தேன், ஓமம் குடித்தேன். முதல் டாக்டர் "வலிக்கிறதா?" என்று கேட்டார், இல்லை என்றேன், வாயு மாத்திரை. இரண்டாமவர் படுக்க வைத்து இசிஜி எடுத்தார், நார்மல், மாதவிலக்கு நிற்கும் வயது, டென்ஷன் வேண்டாம் என்றார். அந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியில் நூறுகூடத் தாண்டவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வருடா வருடம் ஏறியவள் நான். அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் அரசாங்க கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர், மலாய்க்காரப் பெண். நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். தேதி, எங்கே, என்ன செய்தபோது, எத்தனை நிமிடம், எப்படிப் போனது. "மூன்றாம் மாடி, அரிசி மூட்டை, 4 நிமிடம், நின்றதும் போனது." அதைப் படித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்தார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எத்தனை வருடம் என்று கேட்டார். எட்டு என்றேன். நடக்க வைத்து இசிஜி எடுக்கும் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் இதய ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ, ஒரு குழாயில் பெரிய அடைப்பு, அதை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாய் வைத்தார்கள்.

இசிஜி என்பது அந்தக் கணத்தின் படம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். ஏறும்போது, சுமக்கும்போது, கோபப்படும்போதுதான் போதாது. அப்போதுதான் இறுக்கும். ஓய்ந்தால் போகும். இதை ஆஞ்சைனா என்கிறார்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கல், அசதி, தாடை இறுக்கம் என்று வரலாம்.

பயமுறுத்துகிறாள் என்று இங்கே சிலர் எழுதுவார்கள். எல்லா இறுக்கமும் இதயம் என்று நான் சொல்லவே இல்லை. விலா எலும்பு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினால் அதே வலி வருகிறது, திரும்பிப் படுத்தால் குத்துகிறது என்றால் பெரும்பாலும் தசையோ குருத்தெலும்போதான். பதற்றத்திலும் நெஞ்சு இறுகும், அது பொய்யான இறுக்கம் இல்லை. மூச்சை இழுத்தால் குத்துவது நுரையீரல் பக்கம், அதோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் தாமதிக்கக் கூடாது. ஆனால் வாயு மருந்து குடித்துக் குறைந்தது, அதனால் இதயம் இல்லை என்று மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

லிப்ட் விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆறு வாரம் "ரோசாக்" (மலாயில் பழுது) என்று ஒரு தாள் ஒட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. 11வது மாடியில் டயாலிசிஸ் செய்யும் ஒரு ஐயாவை வாரம் மூன்று முறை அவர் மகன் முதுகில் தூக்கி இறக்கினான். இதைக் கேட்க ஆள் இல்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்து 10 நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, வியர்க்கிறது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் நோட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், 999. நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். வருவது அடிக்கடி ஆகிறது, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வருகிறது என்றால் அன்றைக்கே போங்கள். மற்றபடி இன்றிலிருந்து எழுத ஆரம்பியுங்கள், ஆனால் நோட்டு நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். "வலியா?" என்று கேட்டால் இல்லை என்று நிறுத்திவிடாமல், "ஏறினால் இறுக்குகிறது, நின்றால் போகிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள். உங்களுக்குச் சாப்பிட்ட பிறகு வருகிறதா, நடக்கும்போது வருகிறதா? அதைக் கேள்வியில் எழுதவே இல்லையே.