மலைக்காட்டுல காற்று மாசோட பாதிப்பை ஆராய்ச்சி பண்ண இலைப் புள்ளியை எண்ணினா போதுமா?

போதாதுங்க. நானும் ப்ராஜெக்ட்டை அப்படித்தான் ஆரம்பிச்சேன், இலையைப் பறிச்சு லென்ஸ் வச்சுப் பார்த்து புள்ளி இருந்தா ஓசோன் (இலையைக் கெடுக்குற மாசு வாயு) வேலைன்னு நோட்ல எழுதிட்டு வந்துருவேன், கடைசில கைடு பார்த்துட்டு இதுல பாதி பூச்சி வேலைன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சு. அகல இலைகள்ல ஓசோன் புள்ளி மேல்பக்கம்தான் வரும், நரம்புக்கு நடுவுல பொடிப்பொடியா, நரம்பு மட்டும் பச்சையாவே நிக்கும். சாறு உறிஞ்சுற பூச்சின்னா இலையைத் திருப்புங்க, முட்டையோ தோலோ ஏதாவது ஒட்டிட்டிருக்கும்.

அப்புறம் மலைன்னா மழையை மட்டும் அளந்தா ஏமாந்துருவீங்க. மூடுபனித் துளில அமிலம் பல சமயம் மழைத்தண்ணிய விட பல மடங்கு கெட்டியா இருக்கும், மரம் அதை சீப்பு மாதிரி வடிச்சு எடுத்துக்கும், மழைத்தண்ணி பிடிக்க வெட்டவெளில வச்ச புனலுக்கு அது சிக்கவே சிக்காது. அதனால மரத்தடில கொஞ்சம், வெட்டவெளில கொஞ்சம்னு புனல் வைக்கணும். ஒரு தடவை புனலுக்குக் கீழ வச்ச ஒரே ஒரு பாட்டில்ல அமோனியம் (நைட்ரஜன் சேர்ந்த அயனி) எகிறிக் கிடந்துச்சு, பெரிய கண்டுபிடிப்புன்னு நான் குதிக்க, போய்ப் பார்த்தா புனல்ல பறவை எச்சம்!

ஆனா உண்மையான சேதம் மண்ணுல. அமெரிக்காவுல ஹப்பர்ட் புரூக் காட்டுல 1963-ல இருந்து மழையையும் ஓடைத்தண்ணியையும் அளக்குறாங்க. சுத்தமான மழைக்கு பிஹெச் (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் ஜாஸ்தி) 5.6 கிட்ட இருக்கணும், அங்க 4 பக்கத்துல இருந்துச்சு, காரணம் ரொம்ப தூரத்துல நிலக்கரி எரிச்ச புகை. அந்த அமிலம் மண்ணுல இருக்க கால்சியத்தைக் கழுவிட்டுப் போயிரும், கூடவே அலுமினியத்தைக் கரைச்சு வேர்கிட்ட விட்டுரும். சரி, கால்சியம் போனதுதான் காரணம்னு எப்படி நிரூபிக்கிறது? போன கால்சியத்தை மண்ணுல திரும்பப் போட்டுப் பார்த்தாங்க, 1999-ல ஹெலிகாப்டர்ல கால்சியம் சிலிகேட்டைத் தூவினாங்க. 2003 குளிர்ல சுத்துவட்டாரத்துல ரெட் ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரங்களோட இலை பழுப்பாகிக் கருகினப்ப, கால்சியம் போட்ட இடத்துல சேதம் குறைவு. கடுங்குளிரைத் தாங்க இலைக்குக் கால்சியம் வேணும், அதான் விஷயம்.

நமக்கு ஹெலிகாப்டர் எல்லாம் யாரு தருவா, ஒரே சரிவுல மேல கீழன்னு ரெண்டு உயரம் எடுங்க, ஒரே மர இனம், மண் கால்சியம் அலுமினியம், புனல் தண்ணி, போதும். மழை குறைஞ்ச வருஷக் கணக்கையும் எடுத்து வைங்க, இல்லன்னா வறட்சில காஞ்ச மரத்தையும் மாசு கணக்குல எழுதிருவீங்க. உங்களுக்கு எத்தனை மாசம் டைம் இருக்கு, லேப்ல அயனி அளக்குற மெஷின் இருக்கான்னு கமெண்ட்ல சொல்லுங்க, எத்தனை புனல் வேணும்னு பார்த்துக்கலாம்.