மனைவியிடம் காட்ட ஒரு வசனம்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 14 வருடம். இரண்டு பிள்ளைகள். போன வருடத்திலிருந்து என் மனைவி ஒரு வீட்டு ஜெபக்குழுவுக்குப் போகிறாள். அதற்கப்புறம் தாம்பத்திய உறவே வேண்டாம் என்கிறாள். 'பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி அது மாம்ச இச்சை, பரிசுத்தத்துக்குத் தடை' என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'மனைவியானவள் தன் சுயசரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி' என்ற 1 கொரிந்தியர் 7:4-ஐக் காட்டினேன். அழுகிறாளே தவிர மனம் மாறவில்லை. எங்கள் பாஸ்டரும் வசனம் என் பக்கம்தான் என்கிறார். அவள் உங்கள் பத்திரிகையை விடாமல் வாசிப்பவள். மனைவி மறுப்பது பாவம் என்று நீங்கள் தெளிவாக எழுதினால் உதவியாக இருக்கும். பாஸ்டரை வைத்து அவளிடம் பேசலாமா என்றும் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அப்படி எழுத மாட்டேன், சகோதரரே. வீட்டுக்கு எடுத்துப்போய் நீட்டுவதற்கு உங்களுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதை இந்தப் பக்கத்தில் அச்சடித்துத் தருகிற உத்தேசம் எனக்கு இல்லை.

நீங்கள் காட்டிய வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பாதியை எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். மீதி இதோ: 'அப்படியே புருஷனும் தன் சுயசரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி.' முந்தைய வசனத்தில் கடமை முதலில் புருஷன் தலையில்தான் விழுகிறது, மனைவியின் முறை அப்புறம்தான் வருகிறது. அடுத்த வசனத்தில், உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் சில காலம் பிரிந்திருக்கச் சம்மதம் என்று வரும்போது அது இருவருடைய சம்மதம். ஆக, உங்கள் மனைவியின் உடம்புக்கு நீங்கள் அதிகாரி என்றால், உங்கள் உடம்பை 'இன்று அந்தப் பக்கம் திரும்பிப் படு' என்று சொல்ல அவருக்கும் அதிகாரம் உண்டு. இதைப் பாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

பவுல் அப்போஸ்தலனின் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த கொரிந்து, ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடி உருவாக்கிய ரோமக் குடியேற்ற நகரம். மனைவியின் உடம்பு புருஷனுக்குச் சொந்தம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் ஒரு அப்போஸ்தலன் கடிதம் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அகஸ்டஸ் கி.மு. 18-இல் கொண்டுவந்த விபசாரச் சட்டம் அடுத்தவன் மனைவியைத் தொட்டவனைத்தான் பிடித்தது. தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் போகிற கணவனை அது ஒன்றும் செய்யவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்து, 'உன் உடம்புக்கு உன் மனைவிதான் அதிகாரி' என்று வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தக் கடிதத்தில் புதுச் செய்தியே நீங்கள் விட்டுவிட்ட பாதிதான்.

சரி, அந்த ஜெபக்குழுவுக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது தப்பு. அதுவும் ரொம்பப் பழைய தப்பு. இந்த ஏழாம் அதிகாரமே ஒரு கேள்வி-பதில் பகுதிதான். 'நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து' என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். கூடவே வருகிற 'ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது' என்பது பவுலின் சொந்தக் கருத்தல்ல, கொரிந்தியர் எழுதி அனுப்பியதை அவர் எடுத்துச் சொல்கிறார் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உங்கள் மனைவி போகிற குழு மாதிரியே ஒன்று அங்கேயும் இருந்திருக்கிறது. 'ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாதிருங்கள்' என்று அவர் சொன்னது அவர்களுக்கு. நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் கங்கிரா என்ற ஊரில் ஆயர்கள் சங்கமாகக் கூடினார்கள். எயுஸ்தாத்தியுஸ் என்பவரைப் பின்பற்றியவர்கள் திருமணத்தையே அருவருப்பாகப் பேசி, குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். சங்கத்தின் முதல் விதியே இதுதான்: தன் கணவனோடு கூடிவாழ்கிற விசுவாசியான பெண் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க மாட்டாள் என்று யாராவது பழித்தால், அவர்கள் சபைக்குப் புறம்பு. அந்த வீட்டுக்குழுவை நடத்துகிறவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நம்முடைய பெரியவர்களே இந்த விஷயத்தில் இரண்டு நாக்கோடு பேசியிருக்கிறார்கள். தன் மனைவியிடமே அளவு மீறி ஆசை வைக்கிறவன் விபசாரக்காரன் என்ற பழமொழியை, ஆதிச்சபையின் பெரிய போதகர்களான சபைப் பிதாக்களில் ஒருவரான ஜெரோம் கி.பி. 393 வாக்கில் மெச்சி எடுத்தெழுதினார். பாவ அறிக்கை கேட்கிற குருமாருக்கான இடைக்கால நூல்கள் ஞாயிறு வேண்டாம், லெந்து என்ற தவக்கால நாட்களில் வேண்டாம், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் வேண்டாம் என்று படுக்கையறைக்கு ஒரு காலண்டரே போட்டுக் கொடுத்தன. வேதத்திலேயே காதல் பாட்டான உன்னதப்பாட்டு கையில் இருந்தும், அதில் வருகிற முத்தத்தை முத்தமாகப் பார்க்கக் கூச்சம். கிளெர்வோ மடத்துப் பெர்னார்டு அதன்மேல் 86 பிரசங்கம் எழுதி, மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத்தான் எட்டினார். எல்லாம் ஆத்துமாவைப் பற்றி. இன்றைக்கும் நம் கல்யாண ஆராதனைகளில் எபேசியர் ஐந்தாம் அதிகாரம் உண்டு, உன்னதப்பாட்டு கிடையாது.

இதில் இன்னொரு சபைப் பிதாவான அகஸ்டினை மட்டும் நீங்கள் கொஞ்சம் நின்று கேட்கவேண்டும். கி.பி. 401 வாக்கில் திருமணத்தின் நன்மையைப் பற்றி எழுதியபோது அவர் ஒரு கணக்குப் போட்டார். பிள்ளைப்பேற்றுக்கென்று இல்லாமல் துணையிடம் உறவைக் கேட்பது, மன்னிக்கக்கூடிய சின்னக் குற்றம். கேட்டவருக்குக் கொடுப்பது குற்றமே இல்லை. பழைய பிதாக்களை வைத்து நியாயம் பேசப் போனால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், உங்கள் மனைவி அல்ல! அகஸ்டினின் அந்தக் கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'விவாகமஞ்சம் அசுசிப்படாததாயுமிருப்பதாக' என்று எபிரெயருக்கு எழுதியவர் பிள்ளைப்பேறு என்று ஒரு நிபந்தனையும் போடவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில், மோதிரம் போடும்போது மணமகன் 'என் சரீரத்தால் உன்னை ஆராதிக்கிறேன்' என்று சொல்லவேண்டும். சபைச் சடங்குகளைச் சுத்தப்படுத்தவேண்டும் என்ற பியூரிட்டன்களுக்கு அந்த வரியே ஆகவில்லை, இருந்தும் சபை அதை எடுக்கவில்லை. சொல்கிறவன் மாப்பிள்ளை, கவனியுங்கள்.

உபாகமம் 24:5-ஐயும் பாருங்கள். புதிதாகக் கல்யாணம் செய்தவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகவேண்டாம். வீட்டில் இருந்து 'தான் விவாகம்பண்ணின ஸ்திரீயைச் சந்தோஷப்படுத்துவானாக.' யாருடைய சந்தோஷத்துக்காக அந்த விடுப்பு? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 14 வருடத்தில் இது அவருக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று நீங்கள் கேட்டதற்கான அடையாளம் ஒரு வரியில்கூட இல்லை. பிள்ளை பெற்ற பிறகு வலி இருந்ததா, மறுபடி உண்டாகிவிடுமோ என்ற பயம் இருந்ததா, இரவு பாத்திரம் கழுவி முடித்து வந்து படுக்கிறவருக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்ததா, எதுவும் இல்லை. அவர் அழுதார் என்பது மட்டும் இருக்கிறது, அதுவும் புகாராக.

சபைப் பெண்கள் எழுதுகிற கடிதங்களையும் நான் வாசிப்பவன், அதனால் சொல்கிறேன். 'எனக்கு வலிக்கிறது', 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்கிற மனைவிக்கு நம் வீடுகளில் மரியாதை கிடையாது. 'ஆண்டவர் வேண்டாம் என்கிறார்' என்றால் மாமியார்கூட வாய் திறக்க மாட்டார். உபவாசம் என்ற பெயரில்தான் ஒரு பெண் தன் உடம்புக்கு லீவு வாங்க முடிகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்தக் குழுவின் உபதேசம் உங்கள் மனைவிக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனது என்று நீங்கள் யோசிக்கவேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை இன்னும் பலாத்காரமாகக் கணக்கிடுவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு அதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம்தான் பாலியல் கொடுமையையும் வன்முறையில் சேர்த்துச் சொல்கிறது. சட்டம் எப்படியோ போகட்டும். கருத்தடைக்குக் கதவடைத்த சுற்றுமடல் என்று எல்லோரும் அறிந்த 'ஹூமானே வீட்டே'யை 1968-இல் எழுதிய போப் ஆறாம் பவுல், அதிலேயே 13-ஆம் பத்தியில், துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பார்க்காமல் திணிக்கிற உறவு உண்மையான அன்பின் செயல் ஆகாது, அது ஒழுக்க நெறிக்கு விரோதம் என்கிறார். கத்தோலிக்கர் அல்லாத நமக்கும் அதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. வசனத்தை நீட்டி அழவைத்து வாங்குவதும் திணிப்பில்தான் சேரும்.

இதை வாசிக்கிற சகோதரிக்கும் ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் உடம்பு அசுத்தம் என்று அங்கே சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் மட்டும் முடிவெடுத்து, மற்றவருக்கு அறிவித்துவிட்டு, காலவரையறை இல்லாமல் விலகியிருப்பது பவுல் சொல்கிற உபவாசமும் இல்லை. உங்களுக்கு வேண்டாம் என்றால் 'எனக்கு வேண்டாம், காரணம் இது' என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். அதற்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பாஸ்டரை வைத்துப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டவர் முன்னால் உங்கள் மனைவியை உட்காரவைத்தால், அது விசாரணையாகத்தான் இருக்கும். மனைவி சம்மதித்தால் ஒரு பெண் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உள்ளே அவர் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். வீட்டுக்கு வருகிற வழியில் டாக்டர் என்ன சொன்னார் என்று துருவாதீர்கள். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார்.