14 வயது மகனுக்கு வானொலி கிட் வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டில் பொருத்த முடியுமா?

"மகன் வானொலி கிட் ஒன்றை இணையத்தில் பார்த்துவிட்டு வாங்கித் தரச் சொல்கிறான். வீட்டில் பொருத்த முடியுமா, அல்லது காசுக்குக் கேடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாகங்களாக வந்து நாமே ஒன்றுசேர்க்கும் வானொலிதானே, தாராளமாக வாங்கிக் கொடுங்கள். 'காசுக்குக் கேடு' என்பது உங்கள் சொல்லாக இருக்காது, வீட்டில் வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். என் மகள் கேட்டபோது எங்கள் வீட்டிலும் அதைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். "கடையில் மலிவாக றேடியோ கிடைக்கிறதே, பெண் பிள்ளைக்கு இந்தச் சூட்டுக்கோல் வேலை எதற்கு?" என்று என் மச்சாள் முகத்துக்கு நேராகவே கேட்டார். மச்சாள் நல்லவர், ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு இன்றும் ஆறவில்லை.

காரணம், என் அப்பா மட்டக்களப்பு மண்டூரில் வானொலி திருத்தியவர். வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பற்றரி கிடைப்பதே அருமையாக இருந்த யுத்த காலத்தில், தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இரவில் பிபிசி தமிழோசை கேட்கும் நேரத்துக்காவது உயிர் வருகிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பழுதான றேடியோக்கள் எல்லாம் அப்பாவின் மேசைக்கு வரும். திருத்த முடியாதவற்றைக் கழற்றி, பாகங்களைப் பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு வைப்பார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அவருடைய பேத்தி பற்றாசுக்கோலை (பற்றாசு என்ற உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சூட்டுக்கோலை) பிடிப்பதில் என்ன குறை வந்துவிட்டது?

நாங்கள் வாங்கியது ஏழு டிரான்சிஸ்டர் உள்ள சீனத்து மத்திய அலைக் கிட். இரண்டு பென்டோர்ச் பற்றரியில், மூன்று வோல்ற்றில் வேலை செய்யும். கிட்டின் மின்சாரம் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, பற்றாசுக்கோலின் சூடான முனையிலும் அதன் மின்கம்பியிலும் கவனம் வேண்டும். விளக்கத் தாள் முழுவதும் சீன மொழி. ஆனால் சுற்றுப்படத்துக்கு மொழி தேவையில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடைகளின் அளவைச் சொல்லும் நிற வளையங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால், மகள் அவற்றைத் தரம் பிரித்துக் கடதாசியில் குத்தி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

அந்தப் பலகையில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று உண்டு. செப்புப் பாதையில் சில இடங்களை வேண்டுமென்றே வெட்டி விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பொருத்திய பின், ஒவ்வொரு வெட்டிலும் மின் அளவு பார்க்கும் மல்ரிமீற்றரை வைத்து மின்னோட்டத்தை அளந்து, அளவு சரியாக இருந்தால் மட்டுமே பற்றாசு விட்டு அந்த வெட்டை மூட வேண்டும். ஒலிபெருக்கிப் பக்கத்திலிருந்து அளந்துகொண்டு வந்தோம். எல்லாம் சரி. மூன்றாவது டிரான்சிஸ்டரில் 1 முதல் 2 மில்லி அம்பியர் வரை வர வேண்டும் என்று தாளில் இருந்தது. வந்தது சுழியம்.

டிரான்சிஸ்டர்தான் போய்விட்டது என்று நான் நினைத்தேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா, அதற்கு மின்சாரம் இந்தக் கறுப்புச் சுருள் வழியாகத்தானே வருகிறது, முதலில் இதைப் பார்ப்போம்" என்றாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று தலையில் நிறம் பூசிய உள்ளே சுருள் அடங்கிய நான்கு சிறிய உலோகக் கூடுகள் இந்தக் கிட்டில் இருக்கும். கறுப்பின் மூன்று கால்கள் உள்ள பக்கத்தில் மல்ரிமீற்றரை வைத்தால், கம்பி அறாமல் இருந்தால் ஓசை எழ வேண்டும். எழவில்லை. உள்ளே தலைமுடியிலும் மெல்லிய கம்பி அறுந்த நிலையிலேயே வந்திருக்கிறது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினோம், இன்றுவரை பதில் இல்லை. அம்மப்பாவின் பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டி, அதே அளவில் ஒரு கறுப்புத் தலையைக் கண்டெடுத்து அவளே மாற்றினாள். எந்த நிலையத்தைப் பிடித்தாலும் வானொலி அதை உள்ளே ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். பழைய றேடியோக்களின் சுருள் 455 கிலோ ஹேர்ட்ஸுக்கானது, இந்தக் கிட் 465. உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். இரும்புத் திருப்புளியால் தொட்டால் சுருதி விலகும் என்பதால், அப்பா செய்வதுபோல மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பின்னிருந்து முன்னாகத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அன்று இரவு தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோ ஹேர்ட்ஸில் தமிழ் கேட்டது. கேட்டவுடன் அவள் கொப்பியை எடுத்து 1053உடன் 465ஐக் கூட்டி, "அப்படியென்றால் சிவப்புச் சுருள் இப்போது 1518இல் துடிக்கிறது" என்றாள். வரும் அலையோடு சிவப்புச் சுருளில் பிறக்கும் அலையைக் கலந்து 465 ஆக்கும் இந்தச் சூப்பர்ஹெற்றரோடைன் சுற்றை, 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஆம்ஸ்ட்ரோங் கண்டுபிடித்ததை, ரியூட்டரி வகுப்பில் எழுதிப் போட்டு இப்படிப் புரியவைக்க முடியுமா? முடியாது.

இதைப் படித்துவிட்டு "ஈயம் நஞ்சு" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பற்றாசில் ஈயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது உருகுவது 183 பாகை செல்சியஸ் அளவில். ஈயம் ஆவியாவதற்கு அந்தச் சூடு எங்கேயும் காணாது. கண்ணில் படும் புகை உள்ளே இருக்கும் பிசினுடையது. அதுவும் மூச்சுக்கு நல்லதல்ல. யன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்த மேசையில் சாப்பிட விடாதீர்கள்.

"மத்திய அலையை இப்போது யார் கேட்கிறார்கள்?" என்றும் கேட்பார்கள். பகலில் எங்கள் பக்கம் பெரும்பாலும் இரைச்சல்தான், உண்மை. பொழுது பட்டதும் வானத்தின் உயரே உள்ள அயன மண்டலத்தில், பகலில் இந்த அலைகளை விழுங்கும் கீழ்ப்படை கலைந்துவிடுவதால் கடலுக்கு அப்பாலிருந்து வரத் தொடங்கும். அதற்காகவே இதை வாங்கச் சொல்கிறேன். ஒற்றைச் சில்லு (ஐ.சி.) எஃப்.எம். கிட் சீக்கிரம் பாடும். ஆனால் எல்லாம் சில்லுக்குள் மூடிக் கிடப்பதால் பிள்ளை திறந்து பார்க்க எதுவும் மிஞ்சாது. எங்கள் இலங்கை வானொலியே இப்படிப் பொருத்தியதில்தான் தொடங்கியது. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளை வைத்துத் தந்தித் திணைக்களத்தின் எட்வேர்ட் ஹார்ப்பர் பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி பிறந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிட்டை வீட்டு வாசல் வரை கொண்டுவருவதாகக் காசு வாங்கிய கூரியர் கொம்பனி, களுவாஞ்சிக்குடியில் நின்றுகொண்டு "வந்து எடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னது. குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி, வாவியைக் கடந்து போய் எடுத்து வந்தேன். கொழும்பில் இருப்பவரிடமும் அதே கட்டணம்தான் வாங்குகிறார்கள். கடற்கரைப் பக்கமான எழுவான்கரையோடு இலங்கை முடிந்துவிட்டதா? மருந்து வரவழைக்கும் வயோதிபர்களையும் இப்படித்தான் அலைய விடுகிறார்கள். எங்கே முறையிடுவது என்று யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

உங்கள் மகனுக்கு 25 அல்லது 30 வாற் பற்றாசுக்கோலும், உள்ளே பிசின் உள்ள மெல்லிய பற்றாசுக் கம்பியும், மலிவான மல்ரிமீற்றர் ஒன்றும் கிட்டுடன் சேர்த்தே வாங்குங்கள். தகரம் ஒட்டுபவர்கள் பூசும் அமிலப் பசையைப் பலகைக்கு அருகில் கொண்டு போகாதீர்கள், செப்பை அரித்துவிடும். வாங்கியவுடன் ஒவ்வொரு சுருளையும் பலகையில் ஏற்றும் முன் அளந்து பாருங்கள். நீங்கள் கடற்கரைப் பக்கம் என்றால், உப்புக் காற்றில் பாகங்களின் கால்கள் கறுத்திருக்கும். நைசான அரத்தாளால் ஒரு தரம் துடைத்துவிட்டால் பற்றாசு நன்றாகப் பிடிக்கும்.