கூடவே வந்த படம்

“பார்த்து முடித்த பிறகும் மனத்தை விட்டுப் போகாத படம் எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ‘ஃப்ரண்ட் ஆஃப் த கிளாஸ்’. 2008இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்தது.

பிராட் கோயன் என்ற ஆசிரியரின் உண்மைக் கதை. சிறு வயதிலிருந்தே அவருக்கு டூரெட் நோய்க்குறி என்ற நரம்புக் கோளாறு. கழுத்து வெட்டி இழுக்கும். குரைப்பது போன்ற சத்தம் தானாகக் கிளம்பும். தும்மலை எவ்வளவு நேரம் அடக்கிவைப்பீர்கள்? இதுவும் அப்படித்தான். (டூரெட் வந்தவர்கள் எல்லாரும் கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்பது சினிமா கிளப்பிய கதை, மிகச் சிலருக்கே அது உண்டு.)

சத்தம் போட்டதற்காகச் சிறுவன் பிராடை வகுப்பின் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கிறார் ஓர் ஆசிரியர். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் ஒருவன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவான், தொண்டையைச் செருமுவான். வாத்தியார் அதைச் சேட்டை என்று சொல்லி வாசலில் முட்டி போட வைப்பார். செருமிக்கொண்டே எழுந்து போவான். வகுப்பே சிரிக்கும். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு வருகிறது பள்ளிக் கச்சேரிக் காட்சி. அரங்கு முழுக்கப் பிராடின் சத்தம். நிகழ்ச்சி முடிந்ததும் தலைமையாசிரியர் அவனை மேடைக்கு அழைக்கிறார். போச்சு, இன்னொரு மன்னிப்பு என்றுதான் நினைத்தேன். அவரோ கேள்விகள் கேட்கிறார். இப்படிச் சத்தம் போடுவது உனக்குப் பிடிக்குமா? பிறகு ஏன் போடுகிறாய்? நினைத்தால் நிறுத்த முடியாதா? கடைசியாக, நாங்கள் உனக்கு என்ன செய்யலாம்? மற்றவர்களைப் போலவே என்னையும் நடத்தினால் போதும் என்கிறான் பையன். சில நிமிடம்தான். மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

வளர்ந்து ஆசிரியர் வேலை தேடும்போது 24 பள்ளிகள் கைவிரிக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தில் 25ஆவது பள்ளி சேர்த்துக்கொள்கிறது. முதல் நாளே தன் சத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லி, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறார். பெரியவர்களுக்கு இல்லாத தெளிவு அந்தப் பொடிசுகளுக்கு இருக்கிறது.

ராணி முகர்ஜி நடித்த இந்திப் படம் ‘ஹிச்கி’ (2018) இதே கதையிலிருந்து வந்ததுதான். நல்ல படம், ஆனால் அதில் பாதிக் கதையை ஏழை மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் ‘ஃப்ரண்ட் ஆஃப் த கிளாஸ்’ பாருங்கள். நடுவில் வரும் காதல் பகுதி கொஞ்சம் இழுவை, ஓட்டிவிட்டால் நட்டமில்லை. கச்சேரிக் காட்சியை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.